கழுத்துக் கட்டிக்குப் பாலாறு பொறுப்பா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் இந்த ஊர்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், எந்த உறுப்பில் என்று விசாரிப்பதற்கு முன்பே காரணம் சொல்லப்பட்டுவிடும்: டேனரித் தண்ணீர். கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டு, ஸ்கேன் எடுத்து, ஊசி குத்திப் பார்த்து, தைராய்டு புற்றுநோய் என்று முடிவு வந்தாலும் அதே பதில்தான்.

அந்தச் சந்தேகத்தை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. டேனரிக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலவாழ்வு மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இந்தியாவின் எந்தச் சட்டக் கல்லூரியிலும் படிக்கிறார்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் உறுதியாகக் காலூன்றியது அந்தத் தீர்ப்பில்தான். ராணிப்பேட்டையில் குரோமேட் உப்புகளைத் தயாரித்த ஓர் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் டேனரிக் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். இவ்வளவையும் பார்த்த ஊர், அடுத்த நோய்க்கும் அதே கையைச் சந்தேகிப்பது இயல்பு.

ஆனால் ஒரு விஷம் சில குற்றங்களைச் செய்திருப்பதாலேயே எல்லாக் குற்றங்களையும் அதன் கணக்கில் எழுதிவிட முடியாது. குரோமியம் எந்த வாசல் வழியாகச் செல்லுக்குள் நுழைகிறது, உள்ளே போய் என்ன செய்கிறது என்பது தெரிந்த விஷயம். தைராய்டு செல் எந்தப் பாதையில் புற்றாக மாறுகிறது என்பதும் கடந்த 40 ஆண்டுகளில் மிக நுட்பமாகத் தெரிந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாதைகள் சந்திக்கவில்லை.

முதலில் குரோமியம். பதப்படுத்தும் டிரம்முக்குள் தோலோடு சேர்த்துப் போடுவது பேசிக் குரோமியம் சல்பேட். இதில் இருப்பது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். டிரம்மிலிருந்து ஈரத்தோடு வெளிவரும் தோலின் நீல நிறம் அதனால்தான். ‘வெட் ப்ளூ’ என்று டேனரியில் சொல்வது இதைத்தான். இந்த வகைக் குரோமியத்துக்குச் செல்லின் சவ்வைத் தாண்டுவது கடினம். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் அப்படியல்ல. ராணிப்பேட்டைக் கழிவு மேட்டிலிருந்து மஞ்சளாக ஊறி இறங்குவது அது. குரோமேட் அயனியும் சல்பேட் அயனியும் வடிவத்தில் ஏறக்குறைய ஒன்று. சல்பேட்டை உள்ளே எடுத்துச் செல்வதற்கென்று செல் வைத்திருக்கும் கடத்திப் புரதத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே வந்ததும் வைட்டமின் சி, குளூட்டதயோன் போன்ற, நம்மைப் பாதுகாப்பதாக நாம் நம்பும் மூலக்கூறுகள்தான் அதை ஒடுக்கி மூன்று இணைதிறன் நிலைக்குக் கொண்டுவருகின்றன. இனி அதனால் வெளியேற முடியாது. டி.என்.ஏ. இழையில் ஒட்டிக்கொள்கிறது, இழையையும் புரதத்தையும் பிணைத்துவிடுகிறது, செல் பிரதி எடுக்கும்போது இழை முறிகிறது.

இந்தச் சேதம் எங்கே நடக்கும் என்பது குரோமியம் எந்த வழியாக உடம்புக்குள் வருகிறது என்பதைப் பொறுத்தது. குரோமேட் ஆலைகளில் தூசியையும் ஆவியையும் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்று வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆறு இணைதிறன் குரோமியத்தை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் வைத்திருப்பது இந்தச் சாட்சியத்தின் பேரில். தோல் தூசியும் முதல் பிரிவில் இருக்கிறது. அது தாக்குவது மூக்கின் உட்பகுதியையும் அதை ஒட்டிய எலும்பறைகளையும். குடிநீரில் கலந்து வந்தால், பெரும்பகுதியை இரைப்பை அமிலமே மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிடும். அதையும் மீறும் அளவில் கொடுத்தால் என்ன ஆகும் என்று அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் விலங்குகளில் சோதித்து 2008ல் முடிவை வெளியிட்டது. எலிகளுக்கு வாயில் கட்டி வந்தது, சுண்டெலிகளுக்குச் சிறுகுடலில். தைராய்டு அந்தக் கதையில் வரவில்லை.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுப்புவாரியாகவும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தைராய்டுக்கு நேரே, மனிதரில் போதிய சாட்சியம் உள்ளவை என்று குறித்திருப்பது எக்ஸ் கதிரும் காமா கதிரும், குழந்தைப் பருவத்தில் உடலுக்குள் போகும் கதிரியக்க அயோடினும். உடல் பருமனும் இடரைக் கூட்டுகிறது என்று 2016ல் சேர்த்தார்கள். நுரையீரலுக்கு நேரே இருக்கும் பட்டியலோ முழுப் பக்கத்துக்கு நீளும். இந்தக் கஞ்சத்தனம் தற்செயலானது அல்ல. தைராய்டு புற்று உருவாகும் விதத்திலேயே அதற்கு விளக்கம் இருக்கிறது.

வளர்ந்தவரின் தைராய்டு 15 முதல் 25 கிராம் எடை இருக்கும். உள்ளே லட்சக்கணக்கான நுண்ணிய கோளங்கள். ஒவ்வொரு கோளத்தின் சுவரும் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது, நடுவில் தைரோகுளோபுலின் என்ற புரதக் கூழ். இந்தச் செல்களின் ரத்தப் பக்கத்தில் சோடியம்-அயோடைடு கடத்தி என்ற புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகளோடு ஓர் அயோடைடைச் சேர்த்து உள்ளே இழுக்கும். ரத்தத்தில் இருப்பதைப்போல 20, 30 மடங்கு அடர்த்தியில் தைராய்டில் அயோடின் சேர்வது இதனால்தான். இந்தக் கடத்தியின் மரபணுவை 1996ல் நான்சி கராஸ்கோவின் குழு கண்டெடுத்தது. உள்ளே வந்த அயோடினைத் தைரோகுளோபுலின்மேல் பொருத்த ஹைட்ரஜன் பெராக்ஸைடு வேண்டும். அதைத் தைராய்டு செல்லே தயாரிக்கிறது. டி.என்.ஏ.வைக் கீறக்கூடிய ஒரு பொருளைத் தன் அன்றாட வேலைக்காகச் செய்துகொள்ளும் உறுப்பு இது. வெளியிலிருந்து ஒரு விஷமும் வராவிட்டாலும் பிறழ்வுகள் தோன்ற இங்கே வழி இருக்கிறது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இந்தச் செல்கள் சாதாரணமாக மிக அரிதாகவே பிளவுறும். வளரச் சொல்லும் செய்தி வெளியிலிருந்து வந்தால்தான் வளரும். செய்தி செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிக்கு வருகிறது. ஏற்பி ராஸ் என்ற புரதத்தை எழுப்புகிறது, ராஸ் பிராஃப் புரதத்தை, பிராஃப் மெக்கை, மெக் எர்க்கை. எர்க் உட்கருவுக்குள் போய், பிளவுறத் தேவையான மரபணுக்களை வேலைக்கு அழைக்கிறது. வேலை முடிந்ததும் ஒவ்வொன்றும் அடங்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

பிராஃப் புரதம் 766 அமினோ அமிலங்களால் கோக்கப்பட்டது. 600ஆவது இடத்தில் வாலின் இருக்க வேண்டும். அந்த இடத்துக்குரிய டி.என்.ஏ. வரிசையில் 1799ஆவது எழுத்து தைமின். அது அடினினாக மாறினால் வாலினுக்குப் பதில் குளுட்டாமிக் அமிலம் வந்து உட்காரும். குளுட்டாமிக் அமிலத்துக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. புரதத்தை எழுப்புவதற்காக இயற்கை அந்த வட்டாரத்தில் பொருத்தும் பாஸ்பேட்டுக்கும் அதே மின்னூட்டம்தான். ஆகவே யாரும் எழுப்பாமலேயே புரதம் விழித்த நிலைக்கு மாறி அப்படியே நின்றுவிடுகிறது. காலிங்பெல்லை அழுத்திய விரலை எடுத்த பிறகும் பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டால் மணி ஓயாமல் அடிக்குமே, அந்த நிலைமை. சாதாரண பிராஃப் இன்னொரு பிராஃபோடு ஜோடி சேர்ந்துதான் வேலை செய்யும்; மாறிய பிராஃபுக்கு ஜோடிகூட வேண்டாம். வி600ஈ என்று பெயர் பெற்ற இந்தப் பிறழ்வை 2002ல் முதலில் மெலனோமா உள்ளிட்ட கட்டிகளில் கண்டார்கள். அடுத்த ஆண்டே தைராய்டின் பாப்பில்லரி புற்றில் அது மிகப் பரவலாக இருப்பது தெரிந்தது. தைராய்டு புற்றுகளில் பத்துக்கு எட்டு பாப்பில்லரி வகை.

2003ஆம் ஆண்டு ஆய்வில் இன்னொரு தடயமும் கிடைத்தது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய தடயம். ஒரு கட்டியில் பிராஃப் மாறியிருந்தால் அதில் ராஸ் மாறியிருக்காது. ராஸ் மாறியிருந்தால் ரெட் என்ற ஏற்பியின் மரபணு உடைந்து ஒட்டியிருக்காது. ஒரே சங்கிலியின் மூன்று கண்ணிகளில் ஏதாவது ஒன்று கெட்டிருந்தால் போதும்; இரண்டாவது கெடத் தேவையே இல்லை. 2014ல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 496 பாப்பில்லரி கட்டிகளை முழுமையாகப் படித்து வெளியிட்டபோது இது உறுதிப்பட்டது. ஏறக்குறைய 60 சதவீதத்தில் பிராஃப், 13 சதவீதத்தில் ராஸ் குடும்பம், 15 சதவீதத்தில் மரபணுக்கள் உடைந்து ஒட்டிய இணைவுகள். எந்தக் காரணமும் பிடிபடாமல் நின்றவை 4 சதவீதத்துக்கும் குறைவு.

அதே ஆய்வில் தெரிந்த இன்னொரு எண்ணை ஆம்பூர்க் கேள்வியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு பாப்பில்லரி கட்டியில் பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளுக்குச் சராசரியாக அரைப் பிறழ்வுகூட இல்லை. புகைபிடித்தவரின் நுரையீரல் கட்டியில் அது பத்து மடங்குக்கும் மேல். ஆண்டுக்கணக்கில் ஒரு வேதிப்பொருள் டி.என்.ஏ.வைத் தாக்கிக்கொண்டே இருந்தால் தழும்புகள் மரபணுத் தொகுதி முழுக்கச் சிதறிக்கிடக்கும். புகையிலையின் தழும்புக்கென்று தனியாக ஒரு பாணியே உண்டு. தைராய்டு கட்டியின் மரபணுத் தொகுதியோ பெரும்பாலும் சுத்தமாக இருக்கிறது. பல லட்சம் இடங்களில் மோதிய ஆயுதத்தின் வேலையாக இது தெரியவில்லை. ஓர் எழுத்து, ஒரே இடத்தில், ஒரு முறை பிசகியதன் விளைவு.

மாறிய பிராஃப் இன்னொரு காரியமும் செய்கிறது, சிகிச்சைக்கு வரும்போது அது தெரியும். எர்க் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தால் தைராய்டு செல் தன் சொந்த வேலையை மறக்கத் தொடங்குகிறது. சோடியம்-அயோடைடு கடத்தியைத் தயாரிப்பது குறைகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எஞ்சிய புற்றுச் செல்களை அழிக்க அயோடின்-131 கொடுக்கிறோம். அயோடினை ஆவலோடு உறிஞ்சும் குணத்தை நம்பித்தான் அந்தச் சிகிச்சையே 1946லிருந்து நடக்கிறது. கடத்தியே இல்லாத செல் கதிரியக்க அயோடினை எப்படி உள்ளே எடுக்கும்? 2013ல் நியூயார்க்கில் ஆலன் ஹோவின் குழு மெக் புரதத்தை அடக்கும் செலுமெட்டினிப் மருந்தை 20 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 12 பேரின் கட்டிகள் மீண்டும் அயோடினை இழுக்க ஆரம்பித்தன. சத்தத்தை நிறுத்தியதும் செல்லுக்குத் தன் வேலை நினைவுக்கு வந்துவிட்டது.

கதிரியக்கம் செய்வது வேறு. அது எழுத்தை மாற்றுவதைவிட இழையை அறுப்பதில் கெட்டி. 1987ல் நேப்பிள்ஸில் அல்பிரெடோ ஃபுஸ்கோவும் சகாக்களும் பாப்பில்லரி கட்டிகளில் ஒரு புதிய புற்று மரபணுவைக் கண்டார்கள். பிற்பாடு பார்த்தால் அது ரெட் மரபணுவின் ஒரு பாதி, வேறொரு மரபணுவின் தலைப்பகுதியோடு ஒட்டிக்கொண்டது. ரெட் 10ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதோடு ஒட்டும் ஹெச்4 மரபணுவும் அதே குரோமோசோமில்தான், ஆனால் கோடிக்கணக்கான எழுத்துகளுக்கு அப்பால். அவ்வளவு தூரத்தில் இருப்பவை எப்படிச் சேர்ந்தன? 2000ஆம் ஆண்டு நிகிஃபோரோவாவும் சகாக்களும் தைராய்டு செல்களின் உட்கருவுக்குள் நேரடியாகப் பார்த்தார்கள். குரோமோசோம் நீட்டி வைத்த கோடாக இல்லை, மடிந்து கிடக்கிறது. அந்த மடிப்பில் ரெட்டும் ஹெச்4ம் 35 சதவீத தைராய்டு செல்களில் ஒன்றை ஒன்று தொடும் நெருக்கத்தில் இருந்தன. மார்பகச் செல்களில் அந்த நெருக்கம் மிகக் குறைவு. ஒரே கதிர்க்கீற்று இரண்டையும் ஒரே நொடியில் அறுத்துவிட முடியும். செல் அவசரமாக முனைகளை ஒட்டும்போது ஆள் மாறி ஒட்டிவிடுகிறது. ரெட் வழக்கமாகத் தைராய்டின் கோளச் செல்களில் அடங்கியிருக்க வேண்டிய மரபணு. ஹெச்4இன் தலைப்பகுதி வந்து ஒட்டியதும் எப்போதும் வேலை செய்யும் ஏற்பியாகிவிடுகிறது.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் உலை வெடித்தபோது காற்றில் கலந்தவற்றில் அயோடின்-131 ஒன்று. அதன் அரை ஆயுள் 8 நாள். புல்லில் படிந்தது, பசு தின்றது, பால் வழியாகக் குழந்தைகளுக்குப் போனது. அந்த வட்டாரம் அயோடின் பற்றாக்குறை உள்ளது. பசித்திருந்த தைராய்டு கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டது. நாலைந்து ஆண்டுகளிலேயே குழந்தைகளின் தைராய்டு புற்று ஏறத் தொடங்கியது. பெரியவர்களிடம் அந்த அளவு பாதிப்பு இல்லாததற்குக் காரணம் முன்பே சொன்னதுதான்: வளர்ந்தவரின் தைராய்டு செல்கள் அரிதாகவே பிளவுறுகின்றன, குழந்தையின் செல்கள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. 2021ல் செர்னோபில் பகுதியைச் சேர்ந்த 440 கட்டிகளின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, கதிரியக்க அளவு கூடக்கூட எழுத்துப் பிறழ்வைவிட இணைவுகளும் சிறு அறுபடல்களும் கூடியிருந்தன. குற்றவாளி விட்டுச்செல்லும் தடம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. குடிநீரையோ டேனரியையோ தைராய்டு விஷயத்தில் குற்றம் சாட்ட வேண்டுமானால் இந்த அளவுக்கு ஒரு தடத்தைக் காட்ட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஊரில் இப்போது இவ்வளவு பேருக்கு வருகிறதே, முன்பெல்லாம் கேள்விப்பட்டதே இல்லையே என்பது அடுத்த வாதம். எண்ணிக்கை கூடியிருப்பது உண்மை. தென்கொரியாவிலும் கூடியது. 2011ல் அங்கே தைராய்டு புற்று கண்டறியப்பட்ட வீதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு. இறப்பு வீதமோ அப்படியே இருந்தது. வேறு புற்றுகளுக்கான பரிசோதனை முகாம்களில் கூடவே கழுத்துக்கும் அல்ட்ராசவுண்ட் வைத்ததால் வந்த வினை அது. திருவனந்தபுரத்திலும் எண்ணிக்கை வேகமாக ஏறியதை ஆராய்ந்து 2017ல் வந்த கட்டுரை இதே மிகைக் கண்டறிதலைத்தான் சுட்டியது. இன்னும் பின்னோக்கிப் போனால், 1985ல் ஃபின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லியதாகச் சீவிப் பார்த்தபோது 36 பேரிடம் மிகச் சிறிய பாப்பில்லரி புற்று இருந்தது. வாழ்நாள் முழுக்க அவர்களுக்கு அது தெரியாது; தெரிந்திருக்கத் தேவையும் இருக்கவில்லை. ஒற்றை எழுத்துப் பிசகு எளிதில் தொடங்கும், தொடங்கியதில் பெரும்பாலானவை எங்கும் போவதில்லை.

ஆம்பூர்ப் பக்கத்துக்கே உரிய ஒரு கணக்கும் இருக்கிறது. ஷூ கம்பெனிகளில் தையலிலும் ஒட்டுவதிலும் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் இளவயதினர். தைராய்டு புற்று ஆண்களைப்போலப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு, அதுவும் நடுத்தர வயதுக்கு முன்பே. ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் இடத்தில் சில ஆண்டுகளில் நான்கைந்து பேருக்குக் கழுத்தில் தையல் தழும்பு தெரிந்தால், கம்பெனியில் என்னவோ இருக்கிறது என்று தோன்றும். அதே வயதில் அதே எண்ணிக்கைப் பெண்களை ஒரு வங்கியிலோ கல்லூரியிலோ கூட்டி வைத்தாலும் எதிர்பார்க்க வேண்டியது ஏறக்குறைய அதுதான். ஒட்டுப் பசையின் ஆவியையும் தூசியையும் கட்டுப்படுத்தச் சொல்லிக் கேட்க நுரையீரலும் மூக்கும் தோலுமே போதுமான காரணங்கள். தைராய்டையும் சாட்சிக் கூண்டில் நிறுத்தினால் அந்த வழக்கு பலப்படாது, பலவீனப்படும்.

பாப்பில்லரி அல்லாத ஃபாலிக்குலர் வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதில் பிராஃபைவிட ராஸ் பிறழ்வுகள் அதிகம். 2000ல் கண்ட பாக்ஸ்8-பிபார்காமா இணைவும் இந்த வகையில்தான். அயோடின் குறைவான இடங்களில் இதன் பங்கு கூடும். அயோடின் உப்பு பரவிய பிறகு பாப்பில்லரி முந்திக்கொள்ளும். தூத்துக்குடி உப்பளங்களை வைத்திருக்கும் தமிழ்நாடு, 2018-19இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் கடைசி வரிசையில் நின்றது: 61.9 சதவீதம். நாட்டின் சராசரி 76.3. உப்பு விளைகிற ஊருக்கு இது வெட்கம்.

அடங்கிக் கிடக்கும் கட்டி எப்போது ஆபத்தாகிறது? பிராஃபோடு டெர்ட் மரபணுவின் முகப்புப் பகுதியிலும் ஓர் எழுத்து மாறும்போது. டெர்ட், செல் பிளவுறும்போதெல்லாம் தேய்ந்துபோகும் குரோமோசோம் முனைகளை மறுபடி நீட்டும் நொதி. எழுத்து மாறிய முகப்பில் ஒரு புதிய பிடிமானம் உருவாகிறது. எர்க் எழுப்பிவிடும் புரதங்கள் அங்கே வந்து அமர்கின்றன. பிராஃப் வளரச் சொல்கிறது, டெர்ட் சாகாமல் வளர வைக்கிறது. கடைசியில், கட்டியைத் தடுக்கும் பி53 மரபணுவும் போய்விட்டால் அனாபிளாஸ்டிக் என்னும் வகை. தைராய்டு புற்றுகளில் 1, 2 சதவீதம்தான், ஆனால் சில மாதங்களில் உயிரைக் குடித்துவிடக்கூடியது. அதில் பிராஃப் வி600ஈ இருந்தால் டாப்ராஃபெனிப், டிரமெட்டினிப் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று 2018ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அத்தகைய நோயாளிக்கு மரபணுச் சோதனை ஆராய்ச்சிக்கான ஆடம்பரம் அல்ல, அந்த வாரமே கையில் இருக்க வேண்டிய முடிவு.

இதுவரை சொன்னவை எல்லாம் உடம்பில் ஒரே ஒரு செல்லில் தொடங்கி அந்தக் கட்டியோடு முடிபவை, பிள்ளைகளுக்குப் போகாதவை. மெடுல்லரி வகை அப்படியல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வரும் குடும்பங்களுக்கு மூலக்கூறு உயிரியல் மிக நேரடியாக உதவுவது இந்த இடத்தில்தான். தென்னிந்திய மையம் ஒன்றின் 20 ஆண்டு மெடுல்லரி அனுபவம் என்று அங்கிருந்த மருத்துவர்கள் 2007ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ரெட் மரபணுச் சோதனையையும் அங்கேயே செய்கிறார்கள்.

மெடுல்லரி புற்று கோளச் செல்களில் தொடங்குவதில்லை. அவற்றுக்கு இடையில் சிதறிக்கிடக்கும் சி செல்களில் தொடங்குகிறது. சி செல்கள் கால்சிடோனின் சுரப்பவை. அயோடினோடு அவற்றுக்குச் சம்பந்தமே இல்லை என்பதால் கதிரியக்க அயோடின் இங்கே உதவாது. ரெட் இந்தச் செல்களில் இயல்பாகவே வேலையில் இருக்கும் ஏற்பி. நோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு ரெட் பிறழ்வு பிறவியிலேயே, உடம்பின் எல்லாச் செல்களிலும் இருக்கும். 1993ல் இதைக் கண்டுபிடித்தார்கள். மிகப் பரவலான பிறழ்வு 634ஆவது இடத்தில். அங்கே இருக்க வேண்டிய சிஸ்டீன், பக்கத்திலுள்ள இன்னொரு சிஸ்டீனோடு கந்தகப் பிணைப்பால் கோத்து நிற்கும். 634 மாறிவிட்டால் அந்த ஜோடி தனித்து விடப்படுகிறது. தனித்துப்போன சிஸ்டீன், அடுத்திருக்கும் மற்றொரு ரெட் புரதத்தின் தனித்த சிஸ்டீனைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு ரெட் சேர்ந்தால்தான் செய்தி உள்ளே போகும். இப்போது அவை நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டன. அதே மரபணு வேலை செய்யாமல் போனால் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய்: பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்புச் செல்கள் இல்லாமல் குழந்தை மலம் கழிக்க முடியாமல் திணறும். கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய்.

பரம்பரை நோய் என்றதும் நம் பக்கத்தில் சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்று கேட்பார்கள். இதற்கு அது காரணமில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும். பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு ஒவ்வொரு பிரசவத்திலும் பாதிக்குப் பாதி, அத்தை மகனைக் கட்டினாலும் அசலூரில் கட்டினாலும் அதேதான். ஆனால் யாரைச் சோதிக்க வேண்டும் என்ற பட்டியல் சொந்தத்துக்குள் வேகமாக நீளும். அண்ணன், தங்கை, அவர்கள் பிள்ளைகள் என்று போய், கல்யாணப் பேச்சு நடக்கும் பெண்ணில் வந்து நிற்கும்போது சோதனையே வேண்டாம் என்று வீடு முடிவெடுக்கும். மருத்துவர்கள் ரத்தத்தை எடுப்பதைவிடச் சம்மதத்தை எடுக்கத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பதை நான் ஆச்சரியமாகப் பார்க்கவில்லை.

அறுவைக்கு முன் ஒன்றை விடவே கூடாது. 634 பிறழ்வு உள்ளவர்களில் பாதிப் பேருக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலும் கட்டி வரக்கூடும். தெரியாமல் மயக்க மருந்து கொடுத்துக் கழுத்தைத் திறந்தால் ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி மேசையிலேயே உயிர் போகலாம். முதலில் அட்ரினல், பிறகு கழுத்து என்ற வரிசை அதனால்தான்.

எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பதே அறுவைக்கான வயதையும் சொல்லிவிடுகிறது. 918ஆவது இடத்தில் மெத்தியோனின் த்ரியோனினாக மாறியிருந்தால் முதல் பிறந்தநாளுக்குள் தைராய்டை எடுத்துவிட வேண்டும். 634 என்றால் ஐந்து வயதுக்குள், கால்சிடோனின் எகிறத் தொடங்கினால் அதற்கும் முன்பு. கட்டி வருவதற்கு முன்பே, ஸ்கேனில் எதுவும் தெரியாத குழந்தைக்கு, ஒரு மரபணு முடிவை மட்டும் நம்பிச் செய்யும் அறுவை அது. அதன்பின் தினமும் ஒரு தைராக்ஸின் மாத்திரை. நோய் பரவிவிட்ட பெரியவர்களுக்கு, ரெட்டை மட்டும் குறிவைத்து அடக்கும் செல்பெர்கட்டினிப் 2020லிருந்து இருக்கிறது. விலை நம் குடும்பங்களுக்கு எட்டாதது.

ஒரு வீட்டில் அம்மாவுக்கு 634 என்று தெரிந்து நான்கு பிள்ளைகளைச் சோதித்தால், இரண்டு பேருக்கு இல்லை என்று வருவதுதான் சராசரிக் கணக்கு. அந்த இரண்டு பேருக்கும் இனி ஆண்டுதோறும் கால்சிடோனின் பார்க்க வேண்டாம், கழுத்து ஸ்கேன் வேண்டாம், அட்ரினல் சோதனை வேண்டாம். அவர்கள் பெறப்போகும் பிள்ளைகளிடம் இந்தப் பிறழ்வைத் தேட வேண்டியதும் இல்லை.